என் பெயரில் ஒரு அருவி

1

வருகிற வெள்ளிக்கிழமை என் பெயரில் ஒரு அருவியைத் திறக்கப்போகிறார்கள். கேலி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நான் பாடம் நடத்திய பல்கலைக்கழகத்தில் அகதிகளுக்கான மனநல மையம் ஒன்று இருக்கிறது. அங்கே மாடிப்படியை ஒட்டிய சின்ன அறையைப் புதுப்பித்து, ஒரு சுவர் முழுக்கக் கருங்கல் பதித்து, மேலேயிருந்து தண்ணீர் வழியும்படி குழாய் வைத்திருக்கிறார்கள். கீழே ஒரு தொட்டி. தொட்டித் தண்ணீரையே மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். வாசலில் பித்தளைத் தகடு. அதில் என் பெயரும் குற்றாலத்தின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில்.

வின்னிபெக்கில் இப்போது வெளியே கையை நீட்டினால் விரல் மரத்துப்போகும். ஆறே உறைந்து அதன்மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். இந்த ஊரில் எனக்குக் குற்றாலம் கட்டியிருக்கிறார்கள்.

யோசனை கேரனுடையது. என் பழைய மாணவி, இப்போது துறைத்தலைவி. நல்ல பெண். நல்ல பெண்களால்தான் எங்கள் துறையில் பாதித் தொல்லை. தகட்டைத் துணியில் சுற்றி என் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினாள். "உங்கள் ஊரில் மனம் உடைந்தவர்களை அருவியில் நிறுத்திக் குணமாக்குவார்களாமே, மீனா சொன்னாள்" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குக் காபிக் கோப்பையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எண்பது வயதில் எறிந்தால் மறதிநோய் என்று எழுதிவிடுவார்கள் என்பதால் கீழே வைத்தேன்.

மீனா என் மகள். இங்கேயே பிறந்து வளர்ந்து ஐம்பதை நெருங்குகிறாள். "அம்மா, நீ கண்டிப்பா வாங்க" என்று போனில் சொல்கிறாள். நீயா நீங்களா என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. திருத்தித் திருத்தி நான்தான் ஓய்ந்துபோனேன். போன வருஷம் முதல்முறையாகத் தனியாகத் தென்காசிக்குப் போய், என் தம்பி வீட்டில் தங்கிவிட்டு வந்தாள். அவன் சொன்ன கதைதான் சுவர் ஏறியிருக்கிறது. "பர்மாவிலேர்ந்து வந்த எங்க அத்தைக்குச் சித்தம் கலங்கியிருந்தது. குற்றாலத்தில் குளிக்கவைத்தோம். சரியாகிவிட்டது."

சரியாகிவிட்டதாம். என் தம்பி இதைப் படிப்பான். கண் தெரியவில்லை என்று சாக்குச் சொல்வான். தென்காசி ரதவீதியில் இருக்கிற யாராவது அவனுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

2

அத்தை பெயர் உலகம்மாள். தென்காசியில் எந்தத் தெருவில் நின்று 'உலகு' என்று கூப்பிட்டாலும் அந்தக் காலத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கோயில் அம்மன் பெயர். என் அப்பாவுக்கு ஒரே தங்கை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணம் செய்து ரங்கூனுக்குக் கப்பலேறினாள். மாமா பெயர் சிவசைலம். அங்கே அரிசி ஆலை ஒன்றில் கணக்கர். பிள்ளை இல்லை.

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். ஆலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மாமாவுக்கு வேலை போயிற்று. அத்தைக்குக் கப்பலில் இடம் கிடைத்தது, மாமாவுக்குக் காகிதம் வரவில்லை. "நீ முன்னால போ, நான் அடுத்த கப்பல்ல வாரேன்" என்று ஏற்றிவிட்டிருக்கிறார். துறைமுகத்தில் வளையல், கம்மல், மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தாலியை மட்டும் அத்தை வாய்க்குள் போட்டு அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றாளாம். பேர் கேட்டபோது ஊமை மாதிரி தலையை ஆட்டினாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பாள்.

அப்பாவுக்குத் தென்காசியில் ஜவுளிக்கடை. நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அத்தை வந்து எங்களோடு இருந்தாள். வீட்டு வேலை எல்லாம் செய்வாள், தெளிவாகப் பேசுவாள், என் பாடப் புத்தகங்களை எடுத்துப் படிப்பாள். ஒன்றே ஒன்றுதான். தினமும் உலை வைக்கும்போது அம்மாவிடம் போய் நிற்பாள்.

"மைனி, ஒரு ஆளு அரிசி கூடப் போடுங்க. அவிய திடீர்னு வந்து நின்னா எங்கன போயி ஆக்குதது?"

காலையில் மெட்ராஸ் வண்டி வரும் நேரத்துக்கு வாசலுக்கு வருவாள். ஸ்டேஷனிலிருந்து வருகிற ஆட்கள் தெருவைக் கடந்து முடிகிறவரை நிற்பாள். பிறகு உள்ளே போய் வேலையைப் பார்ப்பாள். மிஞ்சின சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் அவளே பழையது சாப்பிட்டுவிடுவாள். யாருக்கும் ஒரு பருக்கை நஷ்டமில்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் அந்த ஒரு ஆள் சோற்றை வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். பித்தம் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அம்மாவும் அதையே சொல்லத் தொடங்கினாள்.

ஒரு வருஷம் ஆயிற்று. மாமாவிடமிருந்து ஒரு வரி இல்லை.

3

அகதிகளுக்கு அரசாங்கம் ஏதோ உதவி தருகிறது என்று கேள்விப்பட்டு, அத்தையைத் தாலுகா ஆபீசுக்கு நான்தான் கூட்டிப்போனேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் அகதி அலுவலகம் அது. பிறகு நாலு தேசங்களில் எத்தனையோ பார்த்துவிட்டேன். மேசைதான் மாறும், ஆள் மாறுவதில்லை.

குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "புருஷன் இருக்காரா, இல்லையா?"

"ரங்கூன்ல இருக்காவ."

"இருக்கார்னா அவருதான் வந்து கேக்கணும். இல்லேன்னா நீங்க கேக்கலாம். சட்டுனு சொல்லுங்க, பின்னால ஆளு நிக்கி."

"இருக்காவன்னுதான் சொல்லுதேன்."

குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். உபகாரம் செய்கிறாராம். "இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கம்மா. சோலி முடிஞ்சிரும். யாரு வந்து பாக்கப் போறா?"

அத்தை என் கையைப் பிடித்து எழுந்தாள். வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று சேலையைச் சரிசெய்தாள். "இவன் பேனாவுல அவியள முடிச்சிரலாம்னு பாக்கான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உச்சி வெயிலில் நடந்தே வீடு வந்தோம்.

4

இந்த ஊருக்கு வந்த புதிதில், படிப்பு முடித்து ஒரு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு மேல் ஒரு வெள்ளைக்கார டாக்டர். காணாமல் போனவருக்காகக் காத்திருக்கிற அகதிப் பெண்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். அவர் வந்தால் என்ன சமைப்பீர்கள்? அவ்வளவுதான். வேற்று மொழிக்காரிகள், மொழிபெயர்க்க ஒருத்தி நடுவில் இருப்பாள். வாய் திறக்காமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட இதற்குப் பதில் சொல்வார்கள். மீன் என்பார்கள், அதிலும் தலை என்பார்கள், அவருக்குக் காரம் ஆகாது என்பார்கள். பிறகு அழுவார்கள். பிறகு தூங்குவார்கள்.

டாக்டர் என்னை அழைத்துக் கண்டித்தார். செத்துப்போன ஆளுக்குச் சமைக்கச் சொல்லி நோயை வளர்க்கிறேனாம். செத்துப்போனார் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவர் சிரித்தார். என் அப்பா சிரிக்கிற மாதிரியே சிரித்தார். ராஜினாமாக் கடிதத்தை அன்றைக்கே எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டு, அடுத்த நாளும் அதே கேள்வியைக் கேட்டேன். பிற்பாடு அதையே பாடமாக்கினேன். அதைப் படித்தவர்கள்தான் இப்போது இந்தச் சுவரைக் கட்டியிருக்கிறார்கள்.

இங்கே எதற்கெடுத்தாலும் 'க்ளோஷர்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். காணாமல் போனவனைப் பற்றிய நினைப்பை மூடி முத்திரை வைத்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று அர்த்தம். யார் மனசு என்று கேட்டால் பதில் வராது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அவசரம். காத்திருக்கிறவள் ஒருத்தி வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தால் மற்றவர்களால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

எங்கள் வீட்டில் அந்த அவசரத்துக்குக் காரணம் என் கல்யாணம்.

5

மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம். பையனுக்கு பாங்கியில் வேலை. எல்லாம் பேசி முடித்து, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகு, மாப்பிள்ளையின் அம்மா ஒரு நாள் வந்து அம்மாவிடம் கேட்டாள்.

"ஒங்க நாத்தனா நெலம என்ன? மணவடையில முன்ன நிக்கிற ஆளா, பின்ன நிக்கிற ஆளா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஊரில் இருக்கிற உங்களுக்குப் புரியும். புருஷன் உள்ளவள் என்றால் அத்தை முன்னால் நின்று ஆரத்தி எடுக்க வேண்டும். இல்லாதவள் என்றால் கண்ணில் படாமல் பின்கட்டில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒருத்தி இருக்க வழியில்லை. நிற்க வைக்க இடமில்லாததால்தான் அவள் பைத்தியம்.

அப்பா விசாரிக்கக் கிளம்பினார். அத்தைக்குப் பின்னால் கப்பலேறி வந்த செங்கோட்டைக்காரர் ஒருவர் புளியறையில், லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு கடையில் வேலைக்கு இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு வந்து, "முடிஞ்சு போச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். அத்தையிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. பிற்பாடு நானே புளியறைக்குப் பஸ் ஏறிப் போய் அந்த மனிதரிடம் கேட்டேன். அவர் அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதாச் சொன்னாவ. பொறவு நான் கப்பலேறிட்டேன். ஒண்ணும் தெரியாது." இதைத்தான் அப்பா புளியறையிலிருந்து தென்காசிக்கு வருவதற்குள் சாவாக ஆக்கிவிட்டார்.

ஆடி அமாவாசை. சாரல் நன்றாக இருந்தது, அருவி நிறைந்து விழுந்தது. தலைக்கு நல்லது, பித்தம் இறங்கும், குற்றாலம் போகலாம் என்று அம்மா அத்தையைக் கூப்பிட்டாள். அது புதிதில்லை. அந்தக் காலத்தில் சித்தம் கலங்கினவர்களை எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து, தலை நிறைய எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்துவார்கள். கையைக் கட்டிக் கொண்டுவருகிறதும் உண்டு. அத்தை மறுக்கவில்லை. "ஒங்களுக்கெல்லாம் அது ஒரு நிம்மதின்னா வாரேன், மைனி" என்றாள்.

குத்துக்கல்வலசையிலிருந்து இரண்டு சித்திமார் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். இரண்டு பேரும் வெள்ளைச் சேலைக்காரிகள், புருஷனை இழந்தவர்கள். சீசனுக்குக் குளிக்க வருகிறார்கள் என்று நினைத்தேன். தாலியைக் கழற்றுகிற வேலைக்கு அவர்களைத்தான் கூப்பிடுவார்கள் என்று தெரியாத வயதில்லை எனக்கு. ஆனால் யாரும் சாகாத வீட்டில் அது எப்படி ஞாபகம் வரும்?

பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. சித்திமார் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அத்தையை நேராக நடு அருவிக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா பின்னால் நின்றாள். நான் ஓரத்தில் நனைந்துகொண்டிருந்தேன். அத்தை கண்ணை மூடி, வைத்தியத்துக்கு வந்தவள் போல ஒழுங்காகத் தலையைக் கொடுத்தாள். எண்ணெய் நுரைத்து முகத்தில் வழிந்தது. கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது.

வெளியே வந்ததும் அத்தை கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு முறை தொட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏட்டி கோமதி, கயிறு அத்துட்டு. அங்கனதான் விழுந்திருக்கும். ஓடியா, தேடு."

தண்ணீரின் வேகத்தில் அறுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். மறுபடி அருவிக்குள் ஓடி, குனிந்து பாறை இடுக்கில் கையை விட்டுத் துழாவினாள். தாலி போய்விட்டது என்று தெரிந்ததும் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் தேட ஆரம்பித்தார்கள். ஊர் பேர் தெரியாதவர்கள். ராஜபாளையத்துக்காரிகள், கொல்லத்திலிருந்து வந்த மலையாளத்துப் பெண்கள், முட்டளவு தண்ணீரில் உட்கார்ந்து கூழாங்கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையைக் கரையில் இறக்கிவிட்டு வந்து தேடினாள். நானும் தேடினேன்.

அம்மாவும் சித்திமாரும் தேடவில்லை. அப்படியே நின்றார்கள். சித்திமாரில் ஒருத்தி இடுப்பில் முந்தியைச் செருகியிருந்தாள். அதன் நுனியில் ஒரு முடிச்சு. அவள் கை அந்த முடிச்சின் மேலேயே இருந்தது.

நான் போய் அந்த முடிச்சை அவிழ்த்தேன். சித்தி என் கையைத் தட்டினாள். நான் அவள் கையைக் கடித்தேன். பி.ஏ. படித்த, கல்யாணம் நிச்சயமான பெண், நூறு பேர் பார்க்கக் கடித்தேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. மஞ்சள் கயிறு கத்தியால் வெட்டிய மாதிரி நேராக அறுந்திருந்தது. தாலி அப்படியே இருந்தது. அதை அத்தை கையில் வைத்தேன்.

"நல்லதுக்குத்தான் செஞ்சோம். பித்தத்தோட பித்தமா இதுவும் எறங்கிரட்டும்னு" என்றாள் சித்தி.

ஒரே முழுக்கில் இரண்டு வேலை. பைத்தியத்தைத் தெளிவிக்கிற தண்ணீரிலேயே தாலியையும் கழற்றிவிட்டால், தெளியும்போது விதவையாகத் தெளிந்துவிடுவாள். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

சத்தம் கேட்டு அப்பா ஆண்கள் பக்கமிருந்து ஈர வேட்டியோடு வந்தார். கோயில் பக்கம் ஐயர் எள்ளும் பிண்டமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா கையில் ஒரு பொட்டலம். வெள்ளைக் கோடிச் சேலை. எங்கள் கடைத் துணி. அவரே அளந்து கிழித்திருப்பார்.

அத்தை கேட்டாள். "அண்ணே, நீங்க பொணத்தப் பாத்தியளா?"

"பாத்தாத்தானா? ஊருக்கு ஒரு பதில் சொல்லணும்லா உலகு."

"ஊருக்குப் பதில் சொல்ல எங் கழுத்துத்தான் கெடச்சுதா?"

அப்பா பொட்டலத்தை நீட்டினார். அத்தை அதை வாங்கி, பிரித்து, குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்த யாரோ ஒரு பிள்ளையின் தலையைத் துவட்டினாள். தாலிக்காகத் தேடிய பெண்ணின் பிள்ளை அது. துவட்டி முடித்து, துணியை அவளிடமே கொடுத்துவிட்டாள்.

"சொன்னேம்லா, முத்திட்டுன்னு" என்றாள் அம்மா.

ரங்கூன் துறைமுகத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்களால் எடுக்க முடியாததைச் சொந்த ரத்தம் எண்ணெய் தேய்த்து எடுத்தது.

6

மறுநாள் விடிந்ததும் அத்தை என்னை எழுப்பினாள். கோயில் வாசல் கடையில் மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் கேட்டாள். கடைக்காரர் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தவர்.

"ஆருக்கும்மா?"

"எனக்குத்தான் அண்ணாச்சி."

அவர் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார். அத்தை எடுத்துக்கொண்டாள். உலகம்மன் சந்நிதியில், கூட்டத்துக்கு நடுவில், சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த தாலியை அவிழ்த்துப் புதுக் கயிற்றில் கோத்தாள். தானே கட்டிக்கொண்டாள். இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு நிறுத்தினாள்.

"மூணாவது நாத்தனாரு போடணும். அவியளுக்குக் கூடப்பொறந்தவ யாரும் இல்ல. நீ போடுதியாட்டி?"

நான் போட்டேன். நான் வாங்கிய பட்டமெல்லாம் இங்கே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. இந்த வேலைக்கு எனக்கு இருந்த ஒரே தகுதி அந்த மூன்றாவது முடிச்சுத்தான். கேரன் அதைத் தகட்டில் போட்டிருக்கலாம்.

புருஷன் உயிரோடு இல்லை என்று குடும்பம் சொன்ன பிறகு தனக்குத் தானே தாலி கட்டிக்கொண்டவள் என்று தென்காசி முழுக்கச் சிரித்தது. அம்பாசமுத்திரத்துக்காரர்கள் சொல்லி அனுப்புவதற்கு முன்னாலேயே நான் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார். அத்தை பித்து எனக்கும் தொற்றிக்கொண்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சமூகப்பணி என்று ஒரு படிப்பு மெட்ராஸில் இருப்பது தெரிந்து, விண்ணப்பம் போட்டு, கிளம்பினேன். அத்தை ஸ்டேஷனுக்கு வந்தாள். என்னை வழியனுப்பத்தான் வந்தாள். ஆனாலும் எதிர்ப்பக்கம் வந்து நின்ற வண்டியிலிருந்து இறங்குகிறவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். மெட்ராஸ் படிப்பு முடிந்து, பர்மாவிலிருந்து வந்தவர்களின் முகாம்களில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அங்கே அத்தை மாதிரி ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு அப்பா இருந்தார். அதற்கப்புறம்தான் இந்தத் தேசம்.

அத்தை அண்ணன் வீட்டில் இருக்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டாள். பர்மாக்காரி கடை என்றால் செங்கோட்டை வரைக்கும் தெரியும். கடைசிவரை ஒரு சாப்பாடு எடுத்து மூடி வைத்தாள். அவள் செத்தபோது நான் இங்கே ஒரு பரீட்சைக்கு நடுவில் இருந்தேன், போக முடியவில்லை. தம்பிக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். பூவும் பொட்டும் வைத்து எடுத்தீர்களா, இல்லையா? "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவனோடு பேசவில்லை.

7

மேலே இருப்பதெல்லாம் விழாவுக்கு முன்னால் எழுதியது. வெள்ளிக்கிழமை போனேன். மீனா காரில் கூட்டிப்போனாள். வழியில் இந்தக் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன், ஆங்கிலத்தில், ஒன்றுவிடாமல். ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் இருந்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். "நீங்கள் ஏன் எனக்கு முன்னாடியே சொல்லல?" என்று தமிழில் கேட்டாள். நான் திருத்த எதுவும் இருக்கவில்லை. ஆனால் என் கோபமும் குறையவில்லை.

அறையில் இருபது பேர் இருப்பார்கள். தண்ணீர் சளசளவென்று வழிந்துகொண்டிருந்தது. தொட்டிப் பக்கத்தில் ஒரு கூடை, அதில் சின்னச் சின்ன வெள்ளைத் தாள்கள். இதை மட்டும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. காணாமல் போனவர்களின் பெயரைத் தாளில் எழுதித் தொட்டியில் போட வேண்டுமாம். தண்ணீர் பட்டதும் தாள் கரைந்துவிடும். அதோடு மனசு லேசாகும். கேரன் இதை விளக்கியபோது சிலர் மூக்கை உறிஞ்சினார்கள்.

முதலில் எழுதுவதற்கு என்று தவமணியை அழைத்திருந்தார்கள். இலங்கையிலிருந்து வந்த பெண்மணி, எழுபது வயதிருக்கும். மையத்தில் என்னிடம் பல வருஷம் வந்தவர். ஒரே மகன், பதினெட்டு வயதில் கூட்டிப் போனார்கள், அதற்கப்புறம் தகவல் இல்லை. வந்தால் என்ன சமைப்பீர்கள் என்று நான் முதல் நாள் கேட்டபோது, கத்தரிக்காய்ப் பால்கறி என்று உடனே சொன்னவர்.

தவமணி தாளை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "இதில என்னத்த எழுதட்டாம் அம்மா?"

"ஒங்க பையன் பேர எழுதித் தண்ணியில போடச் சொல்லுதாங்க. கரைஞ்சு போயிரும்."

"ஏன் கரைக்கோணும்?"

அந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் இருக்கிறது, அந்தப் பதிலை நானே வகுப்பில் காதால் கேட்டிருக்கிறேன். தமிழில் இல்லை. அதனால் அவர் காதோடு அத்தை கதையைச் சொன்னேன். வாய்க்குள் அடக்கிய தாலி, அருவி, சித்தியின் முந்தி, அந்த மூன்றாவது முடிச்சு. கேரன் பொறுமையாகச் சிரித்தபடி காத்திருந்தாள். மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

தவமணி முழுவதும் கேட்டுவிட்டுக் கேட்டார். "பிறகு, உங்கட அத்தைட மனுசன் வந்தவரோ?"

அறுபது வருஷமாக எல்லாரும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். ஊரிலிருந்து படிக்கிற நீங்களும் நாலாவது பக்கத்திலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எல்லாரும் இல்லை என்ற பதிலை வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். நான் இல்லை என்று சொன்னதும், அப்படியானால் உங்கள் அப்பா செய்தது சரிதானே என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். தவமணி மட்டும், பஸ் வந்ததா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"இன்னும் வரல" என்றேன்.

தவமணி தலையை ஆட்டினார். வெள்ளைத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து, பையின் வாரை இழுத்து மூடினார். கேரனிடம் நல்ல ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பினார்.

"நேரம் போட்டுது அம்மா. நான் போய்ச் சோறு வைக்கோணும்."